இரண்டு முறை தேறிய குழந்தை

சாதனையாளர் ஒருவரைப் பாராட்டியாக வேண்டும். வயது ஒன்றரை. முகவரி, ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் ஒரு லைன் வீடு. பெயர் வேண்டாம், பதிவேட்டிலும் எண்தான். இந்தப் பிள்ளை நான் கட்டிய கற்பனை. ஆனால் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து அங்கன்வாடி டீச்சரிடம் இந்தக் கதையைச் சொன்னால் "எங்க சென்டர்ல பாத்ததா சார்?" என்றுதான் கேட்பார்.

சாதனை என்ன? ஒரே வருடத்தில் கடும் ஊட்டச்சத்துக் குறைவிலிருந்து இரண்டு தடவை மீண்டு காட்டியது. இரண்டு தடவை எழுந்திருக்க வேண்டுமானால் நடுவில் ஒரு தடவை விழுந்திருக்க வேண்டுமே என்று கேட்கிறீர்களா? நீங்கள் வளர்ச்சிக்கு எதிரானவர். ஜனவரியில் "குணமானோர்" கட்டத்தில் ஒன்று ஏறியது. ஆகஸ்டில் "புதிய பயனாளி" கட்டத்தில் ஒன்று ஏறியது. அக்டோபரில் மறுபடி "குணமானோர்". பிள்ளை ஒன்று, வெற்றி இரண்டு. இந்த வேகத்தில் போனால் ஒன்றாம் வகுப்பு சேர்வதற்குள் இவன் ஒருவனே வட்டாரத்தின் இலக்கை முடித்துக் கொடுத்துவிடுவான்.

அளக்கிற நாடாவைச் சிலராவது பார்த்திருப்பீர்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நட்டநடுவில் சுற்றுவார்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, கடும் ஊட்டச்சத்துக் குறைவு. 12.5-க்குக் கீழே மஞ்சள். அதற்கு மேலே பச்சை. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு இது, குறை சொல்ல ஒன்றுமில்லை. நாடாவைச் சுற்றும்போது பிள்ளை சிணுங்கும். அழக்கூடத் தெம்பிருக்காது. "அவ்ளோதான் சாமி, முடிஞ்சிருச்சு" என்பார் டீச்சர். அம்மா பிள்ளையைப் பார்க்க மாட்டாள், நாடாவையே பார்த்துக்கொண்டிருப்பாள். நிறத்தை வாசிக்க எழுத்து தெரிய வேண்டியதில்லை.

சிவப்பில் விழுந்து, கூடவே காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சோற்றைக் கண்டாலே முகம் திருப்புவது என்று ஏதாவது சேர்ந்துகொண்டால் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம். 2011-ல் மத்திய சுகாதார அமைச்சகம் இதற்கான வழிமுறைகளை எழுதியது. முதலில் எஃப்-75 என்ற பால் கரைசல், உடம்பு தாங்கியதும் எஃப்-100. ராத்திரி பகல் பார்க்காமல் மணிக்கணக்குப்படி ஊட்ட வேண்டும். எடை 15 சதவீதம் ஏறினால் வீட்டுக்கு அனுப்பலாம். பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறையாக நான்கு தடவை கொண்டுவந்து காட்ட வேண்டும். சாகக் கிடந்த பிள்ளையை எழுப்பி உட்காரவைத்து அனுப்புகிற நர்சம்மாக்கள் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை, கையெடுத்துக் கும்பிடலாம். என் கோபம் வாசலைத் தாண்டிய பிறகு நடப்பதன் மேல்.

எட்டு வாரம் முடிந்தால் மையத்தின் கடமை முடிந்தது. அந்த எட்டு வாரத்திலும் நான்கு தடவை வருவதற்கு அந்தத் தாய் நான்கு நாள் கூலியை விட வேண்டும். அவள் பார்க்கும் காண்ட்ராக்ட் வேலையில் வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அடிக்கடி வராவிட்டால் வேலையே கிடையாது. அவள் இரண்டாம் தடவையோடு நின்றுவிட்டால் ஏட்டில் எழுதப்படுவது, "தாய் ஒத்துழைக்கவில்லை".

தேறிய பிள்ளைகளில் எத்தனை பேர் மறுபடி விழுகிறார்கள்? 2019-ல் வந்த ஓர் ஆய்வு, உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தது. சில இடத்தில் பூஜ்யம், சில இடத்தில் 37 சதவீதம் என்று கணக்கு கிடைத்தது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? எத்தனை மாதத்துக்குள், எந்த அளவுக்கு இறங்கினால் "மறுபடி விழுந்தான்" என்று சொல்லலாம் என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட வரையறை கிடையாது. அடடா, என்ன ஒரு வசதி! வரையறை இல்லாவிட்டால் கட்டம் இல்லை, கட்டம் இல்லாவிட்டால் எண் இல்லை. எண் இல்லாத ஒன்றுக்குச் சட்டமன்றத்தில் யார் பதில் சொல்ல வேண்டும்? அந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. சேரும்போதும் வெளியே போகும்போதும் அளவு குறைவாக இருந்த பிள்ளைகள்தான் அதிகம் திரும்ப விழுந்தார்கள். கோட்டைத் தொட்டதும் தள்ளிவிட்டால் கோட்டுக்குக் கீழேதான் விழும். இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி வேண்டுமா? வேண்டியிருக்கிறது.

பின்னால் மாலி, சோமாலியா, தெற்கு சூடான் மூன்று நாட்டிலும் தேறிய பிள்ளைகளை ஆறு மாதம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். தெற்கு சூடானில் பாதிக்கு மேல் மறுபடி இளைத்துப்போயிருந்தார்கள். அங்கே போர். இங்கே போர் இல்லை, முதலீட்டாளர் மாநாடு.

நம் கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2015–16-ல் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் உயரத்துக்கேற்ற எடை மிகவும் குறைந்தவர்கள் 7.9 சதவீதம். 2019–21-ல் 5.5. நாட்டுக்கு 7.7. கைதட்டலாம், நானும் தட்டுகிறேன். ஆனால் அது, கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்ற அன்றைக்குள்ள நிலவரம். மறுமாதம் அதே பிள்ளை எங்கே நின்றது என்று சொல்வது அந்தக் கணக்கின் வேலை அல்ல. அந்த வேலையைப் பார்க்க வேண்டியவர்கள் விழா ஏற்பாட்டில் இருந்தார்கள்.

"ஊட்டச்சத்தை உறுதி செய்" என்ற திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிவைத்தார். 2024 நவம்பர் 15 அன்று அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் இரண்டாம் கட்டம். ஆறு மாதத்துக்குட்பட்ட, கடும் ஊட்டக்குறைவுள்ள பிள்ளைகளின் தாய்மார் 76,705 பேருக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். தாய்க்கும் கொடுக்க வேண்டும் என்று தோன்றியதே நல்ல புத்தி, அதை மறுக்கவில்லை. முதல் கட்டத்தில் 77.3 சதவீதக் குழந்தைகள் இயல்புநிலைக்கு வந்தார்கள் என்று அரசு சொன்னது. தசமப் புள்ளி வரை கணக்கு வைத்திருக்கிறவர்களிடம் ஒரு சின்ன சந்தேகம்: எந்தத் தேதியில் இயல்பு? அடுத்த மழைக்காலம் முடிந்து எண்ணிப் பார்த்தால் அந்த 77.3 எவ்வளவு இருக்கும்?

மழைக்காலம் என்றேன். லைன் வீட்டுக்குள் வாருங்கள், குனிந்து வாருங்கள். பத்துக்குப் பத்து அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். எட்டுக் குடித்தனத்துக்கு இரண்டு கக்கூஸ். குடிக்க 20 லிட்டர் கேன், மற்றதற்கெல்லாம் உப்புத் தண்ணி. மூலையில் சத்துமாவு பாக்கெட். பிள்ளை ஒருவன் மட்டும் தின்றால் மாதம் முழுக்க வரும். நாலு வயது அக்கா ஒருத்தி இருக்கிறாள். "இது தம்பிக்கு மருந்து, நீ தொடக் கூடாது" என்று அவளிடம் சொல்லிப்பாருங்கள். நல்ல பெண் அவள். ஒரு பிடி உருட்டித் தம்பி வாயில் வைத்துவிட்டுத்தான் இரண்டு பிடி தன் வாயில் போட்டுக்கொள்வாள். பத்து நாளில் பாக்கெட் காலி. மிச்ச இருபது நாளும் டீயில் நனைத்த பொறை, ஐந்து ரூபாய் பிஸ்கட், பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றிய பாக்கெட் பால். ஐப்பசியில் வயிற்றுப்போக்கு ஒன்று வந்தால் போதும், மையத்தில் நர்சம்மா கண் விழித்து ஏற்றிய முக்கால் கிலோ ஒரே வாரத்தில் கரைந்துவிடும். பக்கத்து வீட்டுக் கிழவி பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சீர் தட்டியிருக்குடி, மந்திரிச்சுக் கட்டு" என்பாள். அவளுக்காவது ஒரு காரணம் தேட வேண்டும் என்று தோன்றியது.

அம்மா எங்கே? பெரிய கம்பெனி ஒன்றின் கேண்டீனில் தட்டு கழுவுகிறாள். கம்பெனியில் வேலை என்று அவள் ஊரில் சொல்லிக்கொள்வாள், கம்பெனி சொல்லிக்கொள்ளாது. அவள் காண்ட்ராக்டர் ஆள். ஆறு மணி ஷிஃப்டுக்கு ஐந்து மணிக்கே வேன் வந்துவிடும். தொழிற்சாலைக் கேண்டீன்கள் பலவற்றில் ஒரு பலகை தொங்கும். நேற்று வீணான உணவு இத்தனை கிலோ, இதில் இத்தனை பேர் பசியாறியிருக்கலாம் என்று தினமும் அழித்து அழித்து எழுதுவார்கள். தொழிலாளிக்கு நற்புத்தி சொல்லும் பலகை. அந்தக் கிலோவைத் தட்டிலிருந்து வழித்துத் தொட்டியில் தள்ளுகிற கை இவளுடையது. எதையும் வெளியே எடுத்துப் போகக் கூடாது, போகும்போது செக்யூரிட்டி பையைத் திறந்து பார்ப்பார். இந்த வட்டாரத்தில் தராசுக்குப் பஞ்சமே இல்லை. கொட்டுகிற சோற்றுக்கு ஒன்று, இளைத்த பிள்ளைக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நாலு கிலோமீட்டர்கூட இருக்காது.

பிள்ளையை ஏன் கூடவே கொண்டுபோகக் கூடாது? போகலாமே, சட்டம் அனுமதிக்கிறது! 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு சொன்னது. 1996-ல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் இருந்தால் வேலையிடத்திலேயே காப்பகம் என்றது. 2017-ல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தி, 50 பேர் வேலை செய்யும் எந்த நிறுவனமும் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்த்துவரலாம் என்றார்கள். இத்தனை சட்டத்தையும் அடுக்கிவைத்தால் அதன்மேலேயே பிள்ளையைப் படுக்கவைக்கலாம். தட்டு கழுவும் காண்ட்ராக்ட் பெண்ணின் பிள்ளைக்கு எந்தப் பக்கம் காப்பகம் என்று சிப்காட்டில் வாசல் வாசலாகக் கேட்டுப்பாருங்கள். பதிலை எனக்கும் சொல்லுங்கள். அடுத்த ஆலைக்கு அஸ்திவாரம் தோண்டுகிற ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் எந்தக் காப்பகத்தில் இருக்கிறார்கள் என்று நானே சொல்லிவிடுகிறேன்: ஜல்லிக் குவியல் மேல்.

சில இடங்களில் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று முளையிலேயே கிள்ளிவிடுகிறார்கள் போலிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. குடும்பப் பொறுப்பு, பிள்ளைப்பேறு, லீவு என்று காரணம் சொன்னார்களாம். நிறுவனம் பாகுபாடு இல்லை என்று மறுத்தது. மத்திய அரசு அறிக்கை கேட்டது. அறிக்கை கேட்பதில் நம் அரசுகளை மிஞ்ச ஆள் கிடையாது. அதே வருடம் ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்களுக்குத் தங்கும் விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். தேவைதான். 2021 டிசம்பரில் பூந்தமல்லி விடுதிச் சாப்பாட்டில் 150-க்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகும் கட்டாமல் இருக்க முடியுமா? அன்றைக்கு ஆலை நின்றது, ஆப்பிள் நிறுவனமே விசாரித்தது. போன் வருவது நின்றால் கலிஃபோர்னியா வரைக்கும் காது கேட்கும். நம் சாதனையாளருக்கு மறியல் செய்யத் தெரியாது. உட்காரவே தெம்பில்லை.

இந்த மண்ணிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க எண் உண்டு. ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்தும் இலக்கமும் சேர்ந்த சேசிஸ் எண் உண்டு. விற்றுப் பல வருடம் கழித்து ஒரு போல்ட் சரியில்லை என்று தெரிந்தாலும் அந்த எண்ணை வைத்துத் தேடிப்பிடித்து, செலவில்லாமல் மாற்றித் தருகிறோம், வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று அழைப்பார்கள். பிள்ளை மாத்தூரிலிருந்து வாலாஜாபாத்துக்கு வீடு மாறினால் "பயனாளி இடம்பெயர்ந்தார்" என்று எழுதி மூடிவிடலாம். அங்கே போய் அவன் மறுபடி சிவப்பில் விழுந்தால் அது வேறு பயனாளி.

கண்காணிப்பே இல்லை என்று சொல்லவில்லை. நிறைய இருக்கிறது, தாயின் முகத்தின் மேல். 2025 ஜூலை முதல் போஷன் டிராக்கர் செயலியில் முகம் பொருந்தினால்தான் வீட்டுக்குத் தரும் சத்துமாவு என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. அங்கன்வாடி திறந்திருக்கும் நேரம் முழுக்க அவள் கேண்டீனில். ஷிஃப்டு முடிந்து வேன் இறக்கிவிடும்போது அங்கன்வாடியில் பூட்டு. டீச்சர் என்ன செய்வார்? சிக்னல் கிடைக்காத போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நிற்கிறார். சத்துமாவுத் திருட்டைத் தடுக்கவாம். நாலு வயது அக்காவை இன்னும் கைது செய்யவில்லை.

பணத்துக்கு வருவோம். 2017-ல் நிர்ணயித்த கணக்குப்படி அங்கன்வாடி வழியாகத் தரும் உணவுக்கு, சாதாரணப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய். கடும் ஊட்டக்குறைவுள்ள பிள்ளைக்கு 12 ரூபாய். மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி. 2025 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் இதைத் தகுந்தபடி உயர்த்துவோம் என்றார். ஒரகடம் கூட்டுரோட்டில் அந்த 12 ரூபாயைத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு டீ கிடைத்தால் அதிர்ஷ்டம், வடை கேட்டால் கடைக்காரர் முறைப்பார். இதே மத்திய அரசு 2020-ல் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்கு உற்பத்தி ஊக்கத்தொகை அறிவித்தது: 40,951 கோடி ரூபாய், கூடுதலாக விற்கும் சரக்கின் மேல் 4 முதல் 6 சதவீதம், ஐந்து வருடத்துக்கு. தவறென்று சொல்ல மாட்டேன், வேலை வரட்டும். ஆனால் பாருங்கள், போனோடு அரசு ஐந்து வருடம் கைபிடித்து நடக்கிறது. பிள்ளையோடு எட்டு வாரம்.

இதெல்லாம் தமிழ்நாட்டுக்குத் தெரியாத சங்கதி அல்ல என்பதுதான் வயிற்றெரிச்சல். 1980-ல் உலக வங்கிக் கடனோடு மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை சறுக்கினால் 90 நாள் உணவு, தேறினால் நிறுத்தம், சறுக்கினால் மறுபடியும். கடும் ஊட்டக்குறைவு குறைந்தது. நிறுத்தியதும் சில பிள்ளைகள் திரும்பி வருவதும் அப்போதே தெரிந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தார், 2022-ல் பள்ளியில் காலை உணவும் வந்துவிட்டது. பெருமையான காரியங்கள். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத் தட்டு வரை நடந்து போக வேண்டும். நம் ஆள் இன்னும் தவழ்ந்துகொண்டிருக்கிறான்.

என்ன செய்யலாம் என்று கேட்பார்கள், குழு போடுவதற்கு முன்னால் கேட்பது வழக்கம். காங்கோ ஜனநாயகக் குடியரசில் செய்து பார்த்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சையில் இருந்த பிள்ளைகளின் வீட்டுக்கு, நிபந்தனை ஒன்றும் இல்லாமல், மாதம் 40 டாலர் ஆறு மாதம் கொடுத்தார்கள். பணம் வாங்கிய வீடுகளில் திரும்ப விழுந்த பிள்ளைகள் குறைவு. 2023-ல் உலக சுகாதார நிறுவனமும், சிகிச்சையின்போதும் அதற்குப் பிறகும் பணம் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்று வழிகாட்டுதலில் எழுதிவிட்டது. பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதாமாதம் பணம் போடத் தமிழ்நாட்டுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையை 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியதே இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான். ஒரு கோடிப் பேருக்கு மேல் போடத் தெரிந்தவர்களுக்கு, சிவப்பு நாடாவிலிருந்து மீண்ட பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஆறு மாதம் கூடுதலாகப் போட என்ன தடை? தமிழ்நாட்டு ரேஷன் கார்டு இல்லாத ஒடிசாக்காரியின் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஆலையை அவளும் கட்டுகிறாள். பணம் கொடுத்தால் வேண்டுமென்றே பிள்ளையைப் பட்டினி போடுவார்கள் என்று யாராவது ஓர் அதிகாரி கட்டாயம் சொல்வார். அவருக்கு ஒரு மாதம் அந்தக் கேண்டீனில் ஆறு மணி ஷிஃப்டு போட்டுக் கொடுங்கள்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆலைகளுக்குள் போகும்போது, சிலிண்டரும் தீயணைப்பானும் பார்த்தது போக, காண்ட்ராக்ட் பெண்களின் பிள்ளைகள் எங்கே என்று ஒரு கேள்வி கேட்கட்டும். சமூகநலத் துறை, வெளியே போன பிள்ளைக்கு ஆறாவது மாதம் அதே நாடாவைச் சுற்றிப் பார்த்து அந்த எண்ணையும் வெளியிடட்டும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏதாவது ஒரு மேடையில் இத்தனை சதவீதப் பிள்ளைகள் தேறிவிட்டார்கள் என்று அறிவித்தால், கை தட்டுவதற்கு முன்னால் எழுந்து நின்று கேளுங்கள்: "ஐயா, எந்தத் தேதியில் எடுத்த கணக்கு?"